சத்தம் தாண்டாத கொட்டகை

(கொல்லைப்புறத்தில் ஒரு பழைய செங்கல் கொட்டகை. முருகேசன் முகம் மறையும் உயரத்துக்கு முட்டை அட்டைகளைச் சுமந்து வருகிறான். பக்கத்து வீட்டு வனஜா அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டுகிறார். அவர் எப்போதும் நிற்கும் இடம் அதுதான். மதிலில் அவர் கை வைக்கும் பகுதி மட்டும் வழவழப்பாக இருக்கும்.)

வனஜா: என்ன தம்பி, கோழி வளர்க்கப் போகிறாயா?

முருகேசன்: ஸ்டுடியோ அக்கா! பாட்டு ரெக்கார்டு பண்ண. இந்த அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டிவிட்டால் ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வராது.

வனஜா: எத்தனை அட்டை?

முருகேசன்: நூறு இருக்கும். பாருங்கள், ஒரே கையில் தூக்குகிறேன்.

வனஜா: நீ ஒரே கையில் தூக்குவதை உன் டிரம் ஒரே அடியில் தூக்கிக்கொண்டு போய்விடாதா? சத்தத்தை நிறுத்துவதற்கு எடை வேண்டும் தம்பி. இதில் எடை எங்கே இருக்கிறது?

முருகேசன்: சரி, ஃபோம் ஒட்டுகிறேன். கருப்பாக, கூம்பு கூம்பாக இருக்குமே. எல்லா ஸ்டுடியோ படத்திலும் அதுதான் இருக்கிறது.

வனஜா: அது உள்ளே எதிரொலியைக் குறைக்க. ஒட்டினால் உன் பாட்டு உனக்குத் தெளிவாகக் கேட்கும். எனக்கும் தெளிவாகக் கேட்கும். இப்போதைக்கு வரிகளாவது புரியாமல் இருக்கின்றன. அதையும் கெடுத்துவிடாதே.

முருகேசன்: (முகம் சுருங்கி) இதையெல்லாம் எங்கே அக்கா படித்தீர்கள்?

வனஜா: டிரம் வாங்கியது நீ, தலைவலி வாங்கியது நான். யார் அதிகம் படிப்பார்கள்?

முருகேசன்: எடைதானே வேண்டும்? செங்கல் சுவர் இருக்கிறது. அதோடு ஒட்டி இன்னொரு வரிசை கட்டிவிட்டால் சத்தம் பாதியாகிவிடும்.

வனஜா: ஆகாது. சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் கணக்குப்படி 6 டெசிபல்தான் கூடுதலாகத் தடுக்கும். டெசிபல் என்றால் சத்தத்தை அளக்கும் அலகு. நம் காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும்.

முருகேசன்: நான்கு மடங்காக்கினால்?

வனஜா: 12. எட்டு மடங்கு என்றால் 18. இப்படியே போனால் கோட்டை கட்டி முடிப்பாய், உள்ளே உட்காரத்தான் இடம் இருக்காது.

(முருகேசன் கொட்டகையைச் சுற்றி ஒரு பார்வை பார்க்கிறான். மனத்துக்குள் அகழி வெட்டிவிட்டான் என்று தோன்றுகிறது.)

வனஜா: அங்கே பார்க்காதே, இங்கே கேள். அறைக்குள் அறை கட்ட வேண்டும். உள்ளே தனியாகச் சட்டம் நிறுத்தி, அதில் ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு. வெளிச் சுவருக்கும் அதற்கும் தொடர்பே கூடாது. சொத்துத் தகராறில் பிரிந்த பங்காளிகள் மாதிரி ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம், ஆனால் தோள்கூடப் படக்கூடாது. நடுவில் உள்ள இடைவெளியில் ராக்வூல் நிரப்பு, கல்லை உருக்கிச் செய்கிற பஞ்சு அது.

முருகேசன்: அந்த இடைவெளியில் இன்னும் ஒரு போர்டு நிறுத்தினால் இன்னும் நல்லதுதானே?

வனஜா: அதுதான் கெடுதல். இடைவெளி இரண்டாகப் பிரிந்து குறுகிவிடும். குறுகினால் பாஸ் சத்தம், அதுதான் அந்தக் கனத்த அடிக்குரல் சத்தம், முன்பைவிட எளிதாகக் கடந்துவிடும். பங்காளிகளுக்கு நடுவில் பஞ்சாயத்துக்கு ஆள் நிறுத்தினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

முருகேசன்: புரிகிறது. ஆனால் நான் ஏற்கெனவே ஒரு பெரிய போல்ட் வாங்கி வைத்திருக்கிறேன். கிட்டார் மாட்ட. இரண்டு சுவரையும் துளைத்துக்கொண்டு போகும், ஆடவே ஆடாது.

வனஜா: ஆடாது. அது வழியாக உன் சத்தம் மட்டும் நடந்து வரும். போல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கிட்டாருக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கு.

முருகேசன்: கூரை?

வனஜா: தகரமா?

முருகேசன்: தகரம்தான்.

வனஜா: சுவருக்கு இவ்வளவு செய்துவிட்டுத் தலையைத் திறந்து விடுவதா? அதற்குக் கீழேயும் தொடாமல் கனமான கூரை வேண்டும். எடையைத் தாங்க என்ன சட்டம் போடுவது என்று கட்டட வேலை தெரிந்தவரிடம் கேள். நீயாக முடிவு செய்யாதே. நீ மாட்டிய கடிகாரமே விழுந்தது.

முருகேசன்: அது ஆணியின் தவறு.

வனஜா: சரி, இந்தக் கதவுக்கு அடியில் என்ன இவ்வளவு சந்து?

முருகேசன்: பூனை வந்து போகும்.

வனஜா: பூனையோடு சத்தமும் வரும். 50 டெசிபல் தடுக்கிற சுவர் என்றே வைத்துக்கொள். அதில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தமாக 20 டெசிபல்தான் தடுக்கும்.

முருகேசன்: மீதி 99 பங்கு என்ன செய்யும்?

வனஜா: அழகாக நிற்கும். செலவுக்கணக்கும் அதன் பெயரில்தான் இருக்கும். உள் அறைக்கு ஒன்று, வெளிச் சுவருக்கு ஒன்று என்று இரண்டு கனமான கதவு போடு. நான்கு பக்கமும் ரப்பர் பட்டை. மூலை முடுக்கு, சுவிட்ச் பெட்டி, வயர் நுழைகிற ஓட்டை எல்லாவற்றுக்கும் காய்ந்தாலும் இறுகிப்போகாத சீலண்ட், சந்தை அடைக்கிற பசை.

முருகேசன்: அடைத்துவிடுகிறேன் அக்கா! ஈ நுழையாது, எறும்பு நுழையாது, காற்றே நுழையாது!

வனஜா: அப்புறம் நீ எதை மூச்சு விடுவாய்?

(அமைதி. முருகேசன் மூச்சு விட்டுப் பார்க்கிறான்.)

வனஜா: சத்தத்தை அடைக்க வேண்டும், உன்னை அடைக்கக் கூடாது. காற்று உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். இரண்டையும் அகலமாக, வளைத்து வளைத்து, உள்பக்கம் மெத்தென்று ஏதாவது ஒட்டிச் செய்ய வேண்டும். காற்று வளைந்து போய்விடும். சத்தம் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் தேய்ந்து போகும். ஃபேன் மெதுவாகச் சுற்றட்டும், இல்லையென்றால் மைக்கில் அதுதான் பாடும்.

முருகேசன்: எல்லாம் செய்தால் உங்களுக்கு எதுவுமே கேட்காதா?

வனஜா: பாட்டு கேட்காது. டிரம்மின் அந்த ‘தும் தும்’ கொஞ்சம் வரும். 40 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர் தெரியுமா? உன் கொட்டகையின் நீளம் என்ன?

முருகேசன்: நான்கு மீட்டர். அப்போ அலை உள்ளே அடங்காமல்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறதா?

வனஜா: அப்படி இல்லை. பாஸ் ஒலி சுவரையே ஆட்டிவிட்டுக் கடக்கும், தரை வழியாகவும் வரும். ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் படுத்திருக்கும்போது எனக்கும் நீ சொன்னது மாதிரிதான் தோன்றும். டிரம்முக்குக் கீழே ரப்பர் வைத்த மேடை போடு.

முருகேசன்: (கொட்டகையை அளந்து பார்த்து) நான்கு பக்கமும் இடைவெளி, போர்டு, ராக்வூல், மேடை… உள்ளே டிரம் வைத்தால் நான் நிற்க முடியாது. நான் நின்றால் டிரம் வைக்க முடியாது.

வனஜா: இரண்டாவது யோசனையும் நன்றாகத்தான் இருக்கிறது.

முருகேசன்: ஒரு உண்மையைச் சொல்லட்டுமா அக்கா? கோபப்படக் கூடாது. உங்களுக்காக நான் இந்த ஸ்டுடியோவைக் கட்டவில்லை.

வனஜா: பின்னே?

முருகேசன்: உங்கள் டியூஷன் பிள்ளைகள். என் காதல் பாட்டில், “உன் விழியில் விழுந்தேன்” என்று உருகிப் பாடிவிட்டு ஒரு நொடி நிறுத்துகிறேன். அந்த இடத்தில் பின்னாலிருந்து “ஏழேழு நாற்பத்தொன்பது” என்று வருகிறது.

வனஜா: ஐயோ!

முருகேசன்: அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கேட்டவர்கள் எல்லோரும் அந்த வரிதான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

வனஜா: தாளத்தோடு சொன்னார்களா?

முருகேசன்: என்னைவிடச் சரியாக.

வனஜா: (பெருமையை மறைக்கப் பார்த்து, முடியாமல்) அதுக்குக் காரணம் நீதான். நீ அடிக்க ஆரம்பித்த பிறகுதான் பிள்ளைகள் வாய்ப்பாடே சொல்கிறார்கள். முன்பெல்லாம் நான்காம் வாய்ப்பாட்டிலேயே தூங்கிவிடுவார்கள். இப்போது உன் ‘தும்’முக்கு ஒன்று, ‘தக்’குக்கு ஒன்று என்று பன்னிரண்டு வரை வந்துவிட்டோம்.

முருகேசன்: அப்போ என் சத்தத்தை அடைத்துவிட்டால்?

(வனஜா அக்கா யோசிக்கிறார். முட்டை அட்டைகளைப் பார்க்கிறார். கதவுக்கு அடியில் உள்ள சந்தைப் பார்க்கிறார்.)

வனஜா: இரண்டு கதவு சொன்னேன் இல்லையா?

முருகேசன்: ஆமாம்.

வனஜா: சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை இரண்டையும் திறந்து வை.

முருகேசன்: எதற்கு அக்கா இவ்வளவு எடை, இவ்வளவு ராக்வூல், இவ்வளவு ரப்பர்?

வனஜா: மீதி இருபத்துமூன்று மணி நேரத்துக்கு. அப்புறம் தம்பி, நாளைக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு. கொஞ்சம் மெதுவாக அடி, பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குகிறது.