சொல்லுக்கு வெறும் 7 சதவீதமா?

'பேச்சில் சொற்களின் பங்கு 7%தான். குரல் 38%, முகமும் உடல்மொழியும் 55%' என்று வாட்ஸ்அப்பிலும் ஆளுமைப் பயிற்சி மேடைகளிலும் சுற்றும் தகவல் தவறு.

இந்த எண்கள், உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை முடிச்சுப்போட்டு எடுத்தவை. ஒன்றில் பேசப்பட்டதே ஒற்றைச் சொல்தான்: 'மேபி'. நம்ம ஊர் 'பார்ப்போம்' மாதிரி. அதைப் பிரியமாகவும் வெறுப்பாகவும் பட்டும்படாமலும் சொல்லிப் பதிவுசெய்தார்கள். கூடவே முகப் படங்களைக் காட்டி, பேசுபவருக்குக் கேட்பவரைப் பிடித்திருக்கிறதா என்று மதிப்பிடச் சொன்னார்கள். அளந்தது விருப்புவெறுப்பை, சொல்லின் பொருளை அல்ல. உணர்வும் மனப்பான்மையும் பற்றிய பேச்சைத் தாண்டி இந்தக் கணக்கு செல்லாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார்.

சந்தேகமா? 'இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்க' என்பதைச் சொல்லே இல்லாமல், குரலையும் உடல்மொழியையும் மட்டும் வைத்து 93% புரியவைத்துப் பாருங்கள்.