கையைத் தட்டிவிட்ட மாமிக்கு

அந்த வீடியோவை இன்னமும் ஆளாளுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கீங்க. மூணு நாளாச்சு. பார்த்தாச்சு, போதும். மார்த்தாண்டம் பக்கம் கல்யாண மண்டபம், வாசல்ல செண்டை மேளம். பிளாஸ்டிக் நாற்காலியில ஆட்டிசம் உள்ள முப்பது வயசு ஆள் ஒருத்தர் முழங்கைப் பொருக்கைப் பிச்சுக்கிட்டு இருக்கார். மாமி வந்து பட்டுன்னு கையில ஒரு அடி. "நுள்ளாத மக்ளே, ஆளுவ பாக்காவ." சுத்தி ஒரே சிரிப்பு. கீழே கமெண்ட்ல வேப்பெண்ணெய் வைத்தியம்.

நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். கையை நிறுத்தாதீங்க. கைக்கு வேற வேலை குடுங்க.

ஆட்டிசம் உள்ள ஆளுக்கு அந்த மண்டபத்துல அந்த விரல்தான் பிரேக். மேளம், லைட்டு, சென்ட் வாசம், நாலாபக்கமும் பேச்சு, இவ்வளவையும் தாங்க உடம்பு கண்டுபிடிச்ச வழி அது. தட்டிவிட்டா வழி அடைபடும், பாரம் அப்படியே இருக்கும். அந்த மிச்சம் ராத்திரி பாத்ரூம் கண்ணாடி முன்னாடி ரெண்டு மணி நேரமாத் தீரும். அதை யாரும் வீடியோ எடுக்கிறதில்ல.

"அன்பாத்தானே தட்டினாங்க?" அன்பு இருக்கட்டும். அடி அடிதான்.

"நாங்களும் நகம் கடிச்சவங்கதான், மனசு வச்சோம், விட்டோம்." வாழ்த்துகள். மனநல டாக்டர்கள் நோயைக் கணிக்கப் பார்க்கிற அமெரிக்கக் கையேடு டிஎஸ்எம்-5, 2013-ல வந்தது, அதுலேயே தோல் நோண்டுறது தனிக் கோளாறா ஏறியாச்சு. நிறுத்தணும்னு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணியும் முடியாமப் போறதே அதுக்கு ஒரு அடையாளம். நீங்க விட்டுட்டீங்கன்னா உங்களுக்கு இருந்தது வேற.

"ரத்தம் வருது, பார்த்துக்கிட்டு சும்மா நிக்கணுமா?" இது மட்டும் நியாயமான கேள்வி. சும்மா நிக்க வேண்டாம். பக்கத்துல போய், சத்தமில்லாம, கையில ஒரு பொருளைக் குடுங்க. என்ன பொருள்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு.

முதல்ல ஒரு வாரம் ஒரு தாள்ல குறிக்கணும்: மணி, இடம், கை எங்கே போச்சு, அதுக்கு முன்னால என்ன நடந்தது. ரெண்டு வகை தெரியும். பஸ்ஸிலயும் போன் பார்க்கும்போதும் தன்னை அறியாமப் போற கை ஒண்ணு. கண்ணாடி முன்னாடி ஒரு பருவையே குறிவச்சு நிக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு பாத்ரூம் பல்பை மங்கலா மாத்துங்க, கண்ணாடியில துணி போடுங்க. முக்கியமா, வளையல்ல கோத்து வச்சிருக்கிற சேஃப்டி பின்னைக் கழட்டி வேற ஆள்கிட்ட குடுங்க. ஊசிமுனைதான் சின்னப் பருவைக் குழி ஆக்குறது.

முதல் வகைக்குப் பழைய வைத்தியம் 1973-ல ஆஸ்ரின், நன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் எழுதினது: கை போறது தெரிஞ்ச உடனே, அந்தக் கை நோண்ட முடியாத வேற ஒரு காரியத்தை ஒரு நிமிஷமாவது செய்யணும். முஷ்டியை இறுக்கிப் பிடின்னுதான் பெரும்பாலும் சொல்லித் தருவாங்க. உணர்ச்சியைத் தேடிப் போற கைக்கு வெறும் முஷ்டி பத்தாது. விரல் கேட்கிறது உரியுற அந்த நொடியை. அதனால உரிக்கிறவருக்கு உரிக்க, தோண்டுறவருக்குத் தோண்ட ஏதாவது வேணும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இதுக்கா பஞ்சம்? அண்டிப்பருப்பை, அதாவது முந்திரியைத் தோலோட, வெறும் சட்டியில லேசா சூடாக்கி ஆறவச்சா, செந்தோல் விரல் நுனியில செதில் செதிலா வரும். அண்டியாபீஸ்ல, அதான் முந்திரி ஆலையில, பெண்கள் நாள் முழுக்க செய்ற வேலைதான், யாரும் அவங்க கையைத் தட்டிவிடுறதில்ல. ஆனா ஓட்டோட இருக்கிற பச்சை அண்டியைக் குடுத்துராதீங்க, அந்த எண்ணெய் தோலைப் பொள்ளிரும். தோண்டுறவருக்குப் புளியில கொட்டை எடுக்கிற வேலை. விரல்ல புண் இருந்தா எரியும், அன்னைக்கு வேண்டாம். எதுவும் இல்லையா, ஃபெவிக்காலை ஒரு ஸ்டீல் மூடியில மெலிசாத் தடவிக் காயவச்சு உரிக்கட்டும். மழைக்காலத்துல காய நேரமாகும், ரெண்டு மூடி சேர்த்துத் தயார் பண்ணிக்கணும். ஒரே பொருள் கொஞ்ச நாள்ல சலிக்கும், மூணு நாலை மாத்தி மாத்தி வைங்க.

அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டுற ஒருத்தரைத் தெரியும். வெட்டுப் பட்டையில காய்ஞ்ச ஒட்டுப்பாலை நூல் மாதிரி உரிச்செடுத்துக்கிட்டே மரம் மரமாப் போவார். வெட்டு இருக்கிற மாசம் கையில ஒரு கீறல் இருக்காது. மழையில வெட்டு நின்னா ரெண்டு கையும் புண். இதுக்கு மேல நான் என்ன ஆதாரம் காட்ட?

புண்ணைக் காயவிட்டா பொருக்கு கட்டும், பொருக்கு விரலைக் கூப்பிடும். சோப்புத் தண்ணியில கழுவி, ஒத்தி, மெலிசா வாசலின் போட்டு மூடணும். ஹைட்ரோகொல்லாய்டு பேட்ச், அதாவது புண்ணோட ஈரத்தை உறிஞ்சி மூடுற பிளாஸ்திரி, இன்னும் நல்லது. ஆனா தேங்காய் எண்ணெய் தேய்ச்ச தோல்ல அது ஒட்டாது, எண்ணெய் போகக் கழுவணும். நம்ம ஊர் வியர்வையில ஓரம் தூக்கும், தூக்கின ஓரத்தையே கை பிய்க்கும். மூலையை வட்டமா வெட்டி, உள்ளங்கையால ஒரு நிமிஷம் அமுக்கி, ஓரத்துல மைக்ரோபோர் டேப் ஒட்டுங்க. சிவப்பு பரவினா, சூடு, சீழ், காய்ச்சல் வந்தா பேட்ச் வேண்டாம், அன்னைக்கே டாக்டர்.

மாத்திரை கேக்கிறவங்களுக்கு: அசிட்டைல்சிஸ்டீன்ங்கிற மருந்தை வச்சு 66 பேர்கிட்ட 12 வாரம் நடந்த ஆய்வு 2016-ல வெளியாச்சு. மருந்து எடுத்தவங்கள்ல 47 சதவீதத்துக்கு நல்ல முன்னேற்றம், மருந்தே இல்லாத வெத்து மாத்திரை எடுத்தவங்கள்ல 19 சதவீதம். ஆட்டிசம் உள்ளவங்களுக்குன்னு தனியா நடந்த ஆய்வு இல்லை அது. மனநல டாக்டரைக் கேட்காம வாங்காதீங்க.

வேப்பெண்ணெய் கோஷ்டிக்குப் பதிலே கிடையாது. வாசனையே தாங்காத ஆளுக்கு அதைத் தடவுற யோசனை யாருக்கு வந்ததோ.

கடைசியா அந்தக் கமெண்ட். "கல்யாணம் முடிச்சு வச்சா எல்லாம் சரியாகும்." முப்பது வயசு ஆளை மக்ளேன்னு கூப்பிட்டு சபையில அடிக்கலாம், அதே வாயால கல்யாணமும் பேசலாம். தெரப்பி சென்டர் போர்டுல எல்லாம் கார்ட்டூன் படம். ஆட்டிசம் பதினெட்டு வயசு முடிஞ்ச அன்னைக்குக் காணாமப் போயிருமா? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசம் இருக்கு, வயசு வரம்பு போடல. வரம்பு போட்டது நீங்க. குழந்தைன்னா பாவம், பெரிய ஆள்னா கோமாளி.

மாமி, உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்ல. (கொஞ்சம் இருக்கு.) அடுத்த கல்யாணத்துக்கு வரும்போது ஒரு பிடி தோல் உரிக்காத அண்டிப்பருப்பை முந்தானையில முடிஞ்சு கொண்டு வாங்க. வீடியோவை மட்டும் இன்னைக்கே நீக்கச் சொல்லுங்க.