பேசிப் பேசியே கடலைக் கெடுத்த பிலோ ஸீரோ

பிலோ ஸீரோங்கற கடலடி வீடியோ கேம்ல வர்ற அந்த ராபினை யாராவது கொஞ்ச நேரம் வாயை மூடச் சொல்லுங்க. 200 மீட்டர் ஆழம், சுத்திலும் இருட்டு, டேங்க்ல காத்து குறைஞ்சுக்கிட்டே வருது, எதிர்ல இருக்கறது பாறையா உயிரான்னு தெரியல. அந்த நேரத்துல பயத்துல நமக்கு மூச்சு முட்டணும். ஆனா நம்ம கதாநாயகி கண்ணுல பட்டதைப் பத்தி வாய்விட்டுக் கருத்துச் சொல்றா. அவ தலைக்குள்ள குடியேறின வேற்றுகிரக ஜீவன் அதுக்குப் பதில் சொல்லுது. அதோட முடிஞ்சது. பயமும் போச்சு, கடலும் போச்சு.

முதல் பாகமான சப்நாட்டிகா முழு ஆட்டமா வந்தது 2018 ஜனவரியில. ரெண்டாவது பாகமான பிலோ ஸீரோ 2021 மே மாசம். ரெண்டையும் செஞ்சது அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம்தான். அதே 4546பி கிரகம், பொருளை ஆராயற அதே ஸ்கேனர், கருவி செஞ்சு தர்ற அதே ஃபேப்ரிகேட்டர், டைட்டானியமும் குவார்ட்ஸும் பொறுக்கற அதே வேலை. கருவி எல்லாம் கையில இருந்தும், முதல் பாகம் எதனால மனுஷனைப் பிடிச்சு உள்ள இழுத்துச்சோ அதை மட்டும் எப்படிய்யா தூக்கி வெளிய போட்டீங்க?

முதல் பாகத்தோட நாயகன் ரைலி ராபின்சன் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டான். அரோரா விண்கப்பல் விழுந்து, லைஃப்பாட் 5 தீப்பிடிச்சு, அதை அணைச்சுட்டு வெளிய எட்டிப் பாத்தா எல்லாப் பக்கமும் தண்ணி. துணைக்கு இருக்கறது பிடிஏங்கற கையடக்கக் கணினியோட உணர்ச்சியே இல்லாத குரலும் ஒரு உடைஞ்ச ரேடியோவும். ரிப்பேர் டூல் செஞ்சு ரேடியோவைச் சரிபண்ணினா மத்த லைஃப்பாட்கள்ல இருந்து உதவி கேட்டுச் செய்தி வரும். அடிச்சுப் பிடிச்சு அங்க போனா உடைஞ்ச கூடு மட்டும்தான் கிடக்கும், ஆள் இருக்கமாட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அப்புறம் சன்பீம் கப்பல் மீட்க வருதுன்னு சொல்லி 40 நிமிஷ கவுன்ட்டவுன் ஓடும். தீவுக்கு நீந்திப் போய் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறப்ப வேற்றுகிரகத் துப்பாக்கி அந்தக் கப்பலைச் சுட்டுத் தள்ளும். அப்பவும் ரைலி பேசமாட்டான். அங்க கலங்கறது நாம. அவன் பேசியிருந்தா அந்தக் கலக்கம் அவனோடதா ஆகியிருக்கும், நாம வெறும் பார்வையாளர்தான்.

பிலோ ஸீரோவுல ராபின் விபத்துல மாட்டினவகூட இல்ல. சகோதரி சாம் எப்படிச் செத்தான்னு கண்டுபிடிக்க அவளே திட்டம் போட்டு வந்து இறங்கறா. சரி, அந்தத் தேடலையாவது ஒழுங்கா நடத்தினாங்களா? கிடையாது. சாம் விஷயத்தை முடிக்காமலேயே கிரகத்தை விட்டுக் கிளம்பிடலாம், ஆட்டம் தடுக்காது. ஆரம்ப கட்டத்துலயே அல்-ஆன்ங்கற வேற்றுகிரக ஜீவன் மண்டைக்குள்ள ஏறிக்கும். கதையைப் பாதி வழியில, எர்லி ஆக்சஸ், அதாவது முடியாத ஆட்டத்தை முன்கூட்டியே வித்த கட்டம், ஓடிக்கிட்டு இருக்கறப்பவே, மாத்தி எழுதினாங்க. முதல் வடிவத்துல சாம் உயிரோட விண்வெளி நிலையத்துல இருந்து பேசிக்கிட்டு இருப்பா. அதாவது எந்த வடிவத்துலயும் நம்மளத் தனியா விட இவங்களுக்கு மனசு வரல.

மார்கரிட் விஷயம் இன்னும் எரிச்சல். முதல் பாகத்துல டிகாசி கப்பல்ல வந்து மாட்டினவங்களோட பாழடைஞ்ச தளங்களைத் தேடிப் போய், பதிவுகளை ஒவ்வொண்ணாக் கேட்டு, அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நாமளே கோத்துக்கணும். அவங்கள்ல ஒருத்தியான மார்கரிட் ஒரு குரல் மட்டும்தான், கடல் அவளை விழுங்கிடுச்சுன்னு நம்பி இருந்தோம். ரெண்டாவது பாகத்துல அவ உயிரோட எதிர்ல நின்னு பேசறா. அந்தப் பழைய பதிவுகளுக்கு இருந்த கனத்தையும் சேத்துக் கெடுத்தாச்சு.

இப்ப சைக்ளாப்ஸ். ஆறவே ஆறாத கோபம் இதுதான்.

சைக்ளாப்ஸ் முதல் பாகத்துல வர்ற 54 மீட்டர் நீள நீர்மூழ்கி. அதைக் கட்ட பிளாஸ்டீல் இங்காட் 3, எனாமல் கண்ணாடி 3, ஈயம் 3, லூப்ரிகன்ட் 1, அட்வான்ஸ்ட் வயரிங் கிட் 1 வேணும். ஒரு பிளாஸ்டீலுக்கு ஒரு டைட்டானியம் இங்காட், அதாவது 10 டைட்டானியம், அதோட 2 லித்தியம். ஆக டைட்டானியம் மட்டுமே 30. அதுக்கு முன்னாடி ஹல், பிரிட்ஜ், எஞ்சின் மூணுக்கும் துண்டுகளைத் தேடி ஸ்கேன் பண்ணணும். இவ்வளவு உழைச்சு உள்ள கால் வச்சா அது ஒரு வீடு. செடி வளர்க்கலாம், லாக்கர் மாட்டலாம், ஃபேப்ரிகேட்டர் வைக்கலாம், அடியில சீமாத்ங்கற சின்ன நீர்மூழ்கியையோ பிரான்ங்கற இயந்திரக் கவச சூட்டையோ நிறுத்தலாம். ஆறு பவர் செல். வேகம் மூணு நிலை. அதிவேகத்துலயே ஓட்டினா எஞ்சின் சூடாகி அறை தீப்பிடிக்கும், சுக்கானை விட்டுட்டு அணைப்பானோட பின்னாடி ஓடணும். ஏதாவது மோதி ஓட்டை விழுந்தா ரிப்பேர் டூலை எடுத்துக்கிட்டு வெளிய, அந்த இருட்டுக்குள்ள நீந்திப் போய்த்தான் அடைக்கணும். ரீப்பர்ங்கற ராட்சதக் கடல் விலங்கு பக்கத்துல சுத்துதுன்னா விளக்கை எல்லாம் அணைச்சு, சத்தம் குறைக்கற சைலன்ட் ரன்னிங் போட்டு, பவர் இறங்கறதையும் வெளிக் கேமராவையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு ஊர்ந்து போகணும். லாவா மண்டலத்துல புழுக்கள் உடம்புல ஒட்டிக்கிட்டு பவரை உறிஞ்சும், இறங்கிப் போய்ப் பிடுங்கி எடுக்கணும். ஒரு கப்பலோட பொறுப்பு தலைமேல இருக்கற உணர்வுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

பிலோ ஸீரோவுல அதை எடுத்துட்டு சீட்ரக்ங்கற வண்டியைக் கொடுத்தாங்க. சீமாத் வேகமும் சைக்ளாப்ஸ் வசதியும் ஒண்ணா இருக்கணும்னு ஒரு எண்ணம். ரெண்டும் அமையல. முன்பக்க கேபின், அதுக்குப் பின்னாடி ரயில்பெட்டி மாதிரி ஸ்டோரேஜ், ஃபேப்ரிகேட்டர், படுக்கை, டாக்கிங்னு மாட்டிக்கிட்டே போகணும். ஒவ்வொரு பெட்டிக்கும் வேகம் குறையும். ஹார்ஸ்பவர் அப்கிரேடு போட்டா ஓரளவுதான் தேறும். குகைக்குள்ள திரும்பறப்ப பின்பெட்டி பாறையில சிக்கும். அதனால எல்லாரும் கடைசியில செய்யறது ஒரே வேலை: பெட்டியை எல்லாம் தளத்துல கழட்டிப் போட்டுட்டு கேபினை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்பறது. அப்புறம் எங்க வீடு, எங்க கப்பல்?

ஆழக் கணக்கைப் பாருங்க. சீமாத் ஆரம்பத்துல 200 மீட்டர். ஆழத்தைக் கூட்டற மாட்யூல் போடப் போட 300, 500, 900. அதுக்குக் கீழ சீமாத் இறங்காது, சைக்ளாப்ஸோ பிரானோ இருந்தாத்தான் முடியும். சைக்ளாப்ஸ் 500ல ஆரம்பிச்சு 900, 1300, 1700. கதையோட முக்கியமான இடம் 1400 மீட்டர் பக்கம் இருக்கு. ஒவ்வொரு மாட்யூலும் ஒரு கதவைத் திறக்கும், திறந்தா கீழ இன்னொரு இருட்டு. சீட்ரக் 150, 300, 650, 1000. அதோட சரி. ஆழம் குறைஞ்சது பாதிக் குத்தம், தூரம் குறைஞ்சது மீதிப் பாதி. முதல் பாகத்துல புல்வெளிச் சமவெளியைத் தாண்டி மணல்மேட்டுப் பக்கம் போனா வெறுமை கண்ணுக்கெட்டின வரைக்கும் இருக்கும். ரீப்பரோட உறுமல் முதல்ல காதுல விழும், உருவம் தெரியாது. எந்தத் திசைன்னு தெரியாம சுத்திச் சுத்திப் பாக்கற அந்தச் சில நொடிதான் இந்த ஆட்டத்தோட உயிர். அதுக்கு இடம் வேணும், கலங்கின தண்ணி வேணும், தூரம் வேணும்.

பிலோ ஸீரோவுல ஒரு சூழல் முடியறதுக்குள்ள அடுத்தது வந்துடும். கிரிஸ்டல் குகையில ஷேடோ லெவியத்தன்ங்கற ராட்சத விலங்கு, நாம போயே ஆகவேண்டிய சந்துக்குள்ளயே குறுக்கும் நெடுக்கும் திரியுது. முதல் தடவை பிடிச்சுக் கடிக்கறப்ப நடுங்கும். மூணாவது தடவை அதே அனிமேஷனைப் பாக்கறப்ப அது ஒரு சுங்கச்சாவடி, நின்னு கொஞ்சம் உயிரைக் கட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான். காத்து விஷயத்துலயும் இதே கதை. டேங்க் இல்லாம 45 நொடி, சாதாரண டேங்க் போட்டா 75, ஹை கெப்பாசிட்டி போட்டா 135. முதல் பாகத்துல குகைக்குள்ள போறதுக்கு முன்னாடி இதைப் பாதியா வகுத்து, திரும்பி வர்ற நேரத்தையும் சேத்துக் கணக்குப் போடணும். 100 மீட்டருக்குக் கீழ ரீப்ரீதர்ங்கற மூச்சுக் கருவி இல்லன்னா அந்தக் கணக்கும் பொய்த்துப் போகும். இங்க வழி நெடுக ஆக்சிஜன் செடியை நட்டு வச்சிருக்காங்க. அப்புறம் எதுக்குக் கணக்கு?

நிலத்தைப் பத்திப் பேசாம விடமுடியாது. கடல்தான் எல்லாம்னு சொல்லி விக்கற ஆட்டத்துல எதுக்கு இவ்வளவு நேரம் பனியில நடக்க விடறீங்க? குளிர் அளவுகோல் ஒண்ணு புதுசா, அது இறங்கிட்டா உயிரும் இறங்கும். பனிப்புயல் அடிச்சா எல்லாத் திசையும் ஒரே வெள்ளை. ஆட்டத்துக்குள்ள வரைபடமும் கிடையாது. தண்ணிக்குள்ள வரைபடம் இல்லாதது பயமா மாறுச்சு. நிலத்துல அது வெறும் அலைச்சல். ஸ்னோஃபாக்ஸ்ங்கற பனி வண்டியில ஏறிப் போனா ஆர்க்டிக் ஸ்பயர்ஸ் பகுதியில ஐஸ் வார்ம்ங்கற ராட்சதப் புழு கீழ இருந்து வந்து தூக்கி எறியும், ஏறு, திரும்ப விழு, திரும்ப ஏறு. குளிர் தாங்கற கோல்ட் சூட் வேணும்னா ஸ்னோ ஸ்டாக்கர் விலங்கோட ரோமம் வேணும், அதுக்கு ஸ்பை பெங்லிங் பொம்மையைப் பொந்துக்குள்ள ஓட்டணும். இதுல எந்த இடத்துல கடல் இருக்கு?

நல்லதையும் சொல்லிடறேன். தளம் கட்டற விஷயத்துல பிலோ ஸீரோ உசத்திதான். பெரிய அறை, கண்ணாடிக் கூரை, ரெசிபியைத் திரையில குத்தி வைக்கற வசதி எல்லாமே அருமை. பெரிய அறையும் கண்ணாடிக் கூரையும் 2022 டிசம்பர்ல முதல் பாகத்துக்கும் அப்டேட்டா வந்துடுச்சு. அதனால அதுக்காகவும் ரெண்டாவதைத் தேடிப் போகவேண்டிய அவசியம் இல்ல.

ஏற்கெனவே வாங்கிட்டவங்க இதைச் செய்யுங்க. செட்டிங்ஸ்ல குரல் ஒலியளவை நல்லா இறக்குங்க, சப்டைட்டிலை அணைங்க. முக்கியமான பதிவுகள் பிடிஏவுல சேமிப்பா இருக்கும், தளத்துக்கு வந்து உக்காந்து படிச்சுக்கலாம். இடம் காட்டற பீக்கன் பட்டியல்ல போய், இப்ப தேவைப்படாத குறி எல்லாத்தையும் மறைங்க. சீட்ரக்குக்கு ரெண்டு பெட்டிக்கு மேல மாட்டாதீங்க, ஸ்டோரேஜும் ஃபேப்ரிகேட்டரும் போதும். ஆர்க்டிக் ஸ்பயர்ஸ் போகறப்ப கையில தம்ப்பர்ங்கற கருவியை வச்சுக்குங்க, நட்டா ஐஸ் வார்ம் கிட்ட வராது. நிலத்து வேலையை எல்லாம் ஒரே மூச்சுல முடிச்சுட்டு தண்ணிக்குள்ள திரும்பிடுங்க. சைக்ளாப்ஸுக்கு மட்டும் மாத்து வழி எதுவும் கிடையாது, அது வேணும்னா முதல் பாகத்தைத்தான் மறுபடியும் இன்ஸ்டால் பண்ணணும்.