அந்தப் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்கள்?

அந்த அடுக்ககத்து அசோசியேஷன் சுற்றறிக்கையையும் அதோடு சேர்ந்து சுற்றிய போட்டோவையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் மறுபடியும் இங்கே போடப் போவதில்லை. நாலு வயதுப் பிள்ளையின் முகத்தை மறைத்துவிட்டுப் போடவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அங்கே வீட்டு வேலைக்கு வரும் அம்மா வேலை முடித்து வரும்வரை படிக்கட்டில் பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தது, அது செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்கு, வீட்டு வேலைக்கு வருபவர்கள் குழந்தைகளை வளாகத்துக்குள் கூட்டி வரக்கூடாது, மீறினால் கேட் பாஸ் ரத்து என்று ஓர் உத்தரவு. அடியில் செயலாளர் கையெழுத்து.

இரண்டு நாளாக இதற்கு ஆதரவாக வரும் கமெண்ட்களைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். படித்தவர்கள், நாகரிகமானவர்கள், எனக்குத் தெரிந்தவர்களும் சிலர். எல்லோரிடமும் எனக்கு ஒரே கேள்விதான். அந்தப் பிள்ளையை அதன் அம்மா எங்கே விட்டுவிட்டு வர வேண்டும்?

பால்வாடி இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, நல்ல விஷயம்தான், நானும் அங்கே சுண்டல் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். ஆனால் பால்வாடி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரியுமா? உங்கள் வீட்டுக் காபி டம்ளரைக் கழுவ அவள் ஆறரைக்கு வந்தாக வேண்டும். சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கத்திலிருந்தோ கண்ணகி நகரிலிருந்தோ கிளம்பி, ஒயிட் போர்டு பஸ் பிடித்து, மாறி ஏறி வருகிறாள் என்றால் வீட்டைவிட்டு எப்போது கிளம்பியிருப்பாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பால்வாடி டீச்சரே தூங்கி எழுந்திருக்க மாட்டார். காலை உணவுத் திட்டம் 2022இல் வந்தது, மறு வருஷம் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். நாலு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? லீவு நாளில் என்ன செய்யும்?

பக்கத்து வீட்டில் விடலாமே என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரியும் வேலைக்குத்தான் போகிறாள் மேடம். உங்கள் பக்கத்து பிளாக்குக்குத்தான் வருகிறாள்.

முன்பெல்லாம் இவ்வளவு கஷ்டம் இல்லை. நாங்கள் அடையாற்றங்கரையில் இருந்தோம். அம்மா வேலை செய்த வீடுகள் நடக்கிற தூரம். நடுவில் ஒரு தடவை ஓடிவந்து எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்ப ஓடுவாள். தெருவில் எப்போதும் யாராவது ஒரு ஆயா திண்ணையில் இருப்பார், பத்துப் பிள்ளைகள் அவர் கண் பார்வையில் இருக்கும். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றோரம் இருந்தவர்களை அள்ளிக்கொண்டு போய்ப் பெரும்பாக்கத்தில் வைத்தார்கள். எட்டடுக்குக் கட்டடங்கள். வீடு கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. வேலை இங்கேயே இருந்துவிட்டது, ஆயா வேறு பிளாக்கில் எங்கேயோ. உங்கள் வளாகத்தில் சர்வீஸ் லிஃப்ட்டில்தான் போக வேண்டும் என்று வேலைக்கு வரும் பெண்களுக்குத் தனியாகச் சட்டம் போட்டிருக்கிறீர்கள். பெரும்பாக்கத்தில் லிஃப்ட் நின்றுபோனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுவதும் இதே பெண்கள்தான்.

சரி, பாதுகாப்பு என்று சொல்கிறீர்கள். பிள்ளை தவறி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் கீழ்த்தளத்தில் கிளப் ஹவுஸ் பக்கத்தில் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள், ஒரு பாய் போடுங்கள், ஒரு ஃபேன். 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த விதிப்படி ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். அந்தச் சலுகையில் பிள்ளையை விட்டுவிட்டு ஐடி கம்பெனிக்குப் போகிறவர்கள் உங்கள் வளாகத்திலேயே இருப்பார்கள். உங்கள் கேட்டில் காலையில் கையெழுத்துப் போட்டு உள்ளே வரும் பெண்கள் ஐம்பது பேருக்குக் குறைவா? ஆனால் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு வீட்டுக்கு வருகிறாள், அதனால் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் ஐம்பது பேர் இல்லை. அவளும் அம்மாதான் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை.

திருட்டு பயம் என்று எழுதியவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. நாலு வயது.

என் அம்மாவைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை. எனக்குப் பள்ளிக்கூட வயது வருவதற்கு முன்னால், ஆயாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் அம்மா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போவாள். ஒரு வீட்டில் பின்பக்கம் துணி துவைக்கும் கல் பக்கத்தில் என்னை உட்கார வைப்பாள். போகும்போதே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள், சத்தம் போடக்கூடாது, எதையும் தொடக்கூடாது, பாத்ரூம் வந்தால் அடக்கிக்கோ என்று. அந்த வீட்டில் மூன்று பாத்ரூம். தினமும் மூன்றையும் கழுவியது என் அம்மா. ஒருநாள் என்னால் அடக்க முடியவில்லை. அம்மா ஓடிவந்து, அந்த வீட்டம்மா பார்ப்பதற்குள் கட்டியிருந்த புடவைத் தலைப்பாலேயே தரையைத் துடைத்தாள். மாப் கையில்தான் இருந்தது. அது அந்த வீட்டு மாப், அதில் துடைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஈரப் புடவையோடு மிச்சப் பாத்திரங்களைத் தேய்க்கப் போய்விட்டாள்.

நாங்கள் அவளை வீட்டு ஆள் மாதிரிதான் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருகிறோம் என்கிறீர்கள். பழைய மிக்ஸி கொடுத்தோம் என்கிறீர்கள். வீட்டு ஆளின் பிள்ளையைப் படிக்கட்டில் வைத்து போட்டோ எடுத்து குரூப்பில் போடுவீர்களா?

சங்கம், சட்டம் எல்லாம் இவர்களுக்கும் இருக்கிறதே என்று ஒரு தம்பி அக்கறையாகத்தான் கேட்டார். இருக்கிறது தம்பி. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007லேயே வந்துவிட்டது. அதில் பதிய வேண்டும் என்றால் அரைநாள் லீவு வேண்டும், அரைநாள் லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். வேலை செய்யும் வீட்டில் பாலியல் தொல்லை நடந்தால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் புகார் கொடுக்கலாம் என்று 2013 சட்டத்தில் இருக்கிறது, உங்களில் எத்தனை பேர் உங்கள் வீட்டுக்கு வருகிற அக்காவிடம் அதைச் சொல்லியிருக்கிறீர்கள்? வீட்டுப் பணியாளர் உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கை 2011இல் வந்தது, இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. இவர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவதைப் பற்றி யோசியுங்கள் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம் சொல்ல வேண்டியிருந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கேட் பாஸ் ரத்து என்று ஒரு செயலாளர் ஒரு வரி எழுதினால் அன்றைக்கே ஒரு பெண்ணுக்கு மூன்று வீட்டு வேலை போகிறது, அவள் போய் முறையிட ஓர் இடம் இல்லை.

அந்தப் பெண்ணுக்குப் புருஷன் இல்லையா என்றும் கேட்டிருந்தார்கள். அவள் கதை எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் இங்கே சொல்ல மாட்டேன். விட்டுவிட்டுப் போயிருக்கலாம், செத்திருக்கலாம், குடித்துவிட்டு வீட்டில் படுத்திருக்கலாம். அப்படி ஒருத்தனிடம் நாலு வயதுப் பெண் குழந்தையை விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்களா? விட்டுவிட்டு வந்து ஏதாவது ஆகிவிட்டால் முதலில் அவளைத்தானே கேட்பீர்கள், தாயா நீ என்று. கூட வைத்துக்கொண்டால் ஒழுங்கு கெடுகிறது, விட்டுவிட்டு வந்தால் அவள் அம்மாவே இல்லை.

நான் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று இன்பாக்ஸில் வந்து சொல்லியாயிற்று. ஆமாம், ஒரு பக்கம்தான் பேசுகிறேன். உங்கள் பக்கத்துக்குச் செயலாளர் இருக்கிறார், செக்யூரிட்டி இருக்கிறார், முந்நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது.

அந்த வளாகத்தில் குடியிருக்கும் என் நண்பர்கள் மூன்று பேர் இதைப் படிப்பார்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து, அந்தச் சுற்றறிக்கையை வாபஸ் வாங்குங்கள், ஓர் அறையைத் திறங்கள் என்று கேளுங்கள். கேட்க முடியாது என்றால் என் பதிவுக்கு இதயம் போடாதீர்கள். பிள்ளையின் போட்டோவைக் கமெண்டில் போடுகிறவர்களை உடனே பிளாக் செய்வேன், யாராக இருந்தாலும்.