ஆஸ்பிஷியஸும் சகுனம்தான்

ஞாயித்துக்கிழமை பாம்பன்ல வல்லம் இறக்குனப்ப நடந்தது உங்கள்ல பாதிப்பேருக்குத் தெரியும். மைக்கப் புடிச்சு "ஆஸ்பிஷியஸ் டே", அதாவது நல்ல நாளுன்னு இங்கிலீஷ்ல பேசி முடிச்ச பெரிய மனுஷர், பத்து நிமிஷத்துல வானத்தப் பாத்துக்கிட்டு நின்ன எங்க சித்தப்பாக்கிட்ட "இன்னும் சகுனம் பாக்குற காட்டானாவே இருக்கீங்களேய்யா"ன்னாரு. சித்தப்பா ஒண்ணும் பேசல. தலைத்துண்ட அவுத்து உதறித் தோள்ல போட்டுட்டு வல்லத்தத் தள்ளப் போயிட்டாரு. எனக்குத்தான் இன்னும் ஆறல.

அந்த ஆஸ்பிஷியஸே சகுனம்தாங்க. லத்தீன்ல அவிஸ்னா பறவை, ஸ்பெகெரேன்னா பாக்குறது. ரோமாபுரியில பறவை பறக்குற தெசையையும் கத்துறதையும் வச்சு குறி சொன்னவன் பேரு ஆஸ்பெக்ஸ், அதுலேர்ந்து வந்த வார்த்தை இது. சகுனத்துக்கும் சமஸ்கிருதத்துல பறவைன்னு அர்த்தம் உண்டு. தமிழ்ல புள்ளுன்னா பறவை, நிமித்தமும் அதே புள்ளுதான், தொல்காப்பியத்துலயே "நாளும் புள்ளும்"னு வருது. மூணு மொழியிலயும் பறவைதான், இங்கிலீஷ்ல சொன்னா மட்டும் எப்புடி அறிவாயிரும்?

வெள்ளக்காரன் எப்பவோ விட்டுட்டான்னு சொல்வீங்க. விடட்டும், வார்த்தைய விடலயே. கிமு 249ல ட்ரெப்பானா கடல்சண்டைக்கு முன்னாடி, குறி பாக்குற கோழிக இரை எடுக்கலன்னு ரோமத் தளபதி அதுகளத் தூக்கிக் கடல்ல போட்டு "திங்காட்டி குடிக்கட்டும்"னாராம். அந்தச் சண்டையில 90 கப்பலுக்கு மேல போச்சு. கோழியாலதான் தோத்தான்னு நான் சொல்ல வரல. அவ்வளவு பெரிய படையே கோழியப் பாத்துட்டுத்தான் கெளம்பியிருக்கு, அவங்கள யாரும் காட்டான்னு சொல்லலயே.

சித்தப்பா வானத்துல பாத்தது ஆலாங்குற கடல்பறவைய. ஆலாக்கூட்டம் ஒரே எடத்துல விழுந்து விழுந்து எந்திரிச்சா கீழ சூடை மீன் ஓடுதுன்னு அர்த்தம், அதப் பாத்து வலை விட்டுத்தான் என்னையப் படிக்க வச்சாரு.

"அப்ப தாலியறுத்தவ எதுக்க வந்தா திரும்பிப் போறதும் சரியா"ன்னு கேப்பீங்க. சரியில்ல. அத எனக்குச் சொல்லித் தர வேணாம். அதே பெரிய மனுஷர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில தங்க எழுத்துல ஆஸ்பிஷியஸ்னு போட்டிருந்துச்சு. அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகல. யாரோ நீட்டுன தட்ட அம்மா கைநீட்டி வாங்கப் போனாங்க. "மதினி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னு வீட்டாளுகளே சொன்னாங்க. அம்மா வெரல்ல ஒட்டுன குங்குமத்த முந்தானையில தொடச்சுக்கிட்டுத் தூணோரமா போய் நின்னாங்க.

அந்தச் சேலைய அம்மா அதுக்கப்புறம் கட்டவே இல்ல.