பன்னிரண்டு வருஷம் பெட்டிக்குள் கிடந்த சிரிப்பு

'மத கஜ ராஜா' பற்றிப் பேச்சு வந்தாலே, "பழைய சரக்கு, அதைப் போய்ப் பார்க்கணுமா?" என்கிறார்கள் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகர நண்பர்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

2013 பொங்கலுக்கு வரவேண்டிய படம். சுந்தர்.சி இயக்கம், விஷால், சந்தானம், விஜய் ஆண்டனி இசை. எல்லாம் தயார். ஆனால் தயாரிப்புத் தரப்பின் பழைய கடன் பாக்கி குறுக்கே நின்றது. அதே ஆண்டு விஷால் தானே வெளியிட முயன்றார், முடியவில்லை. கடைசியில் அஜித்தின் 'விடாமுயற்சி' பொங்கலுக்கு வராததால் இடம் கிடைத்து, 2025 ஜனவரி 12 அன்று தியேட்டருக்கு வந்தது. வந்ததும் நன்றாக ஓடியது!

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பாக்கி வேறு படங்களுடையது, தண்டனை இந்தப் படத்துக்கு. இதில் நடித்த மணிவண்ணன் 2013 ஜூனிலேயே காலமாகிவிட்டார். சிட்டிபாபுவும் அதே ஆண்டு. மனோபாலா 2023இல். தியேட்டரே அதிர்ந்த சிரிப்பு அவர்கள் காதில் விழவே இல்லை. வட்டியைக் கணக்குப் போட்டவர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் ஆயாவிலிருந்து பேரப்பிள்ளைகள் வரை சேர்ந்து பார்த்தோம். ஆயா அந்தக் காலத்தில் கிரே ஸ்ட்ரீட் பக்கத்துத் தியேட்டர்களான அவலானிலும் ஷாஜஹானிலும் பயாஸ்கோப் பார்த்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் புரியும். பிள்ளைகளுக்கு ஆங்கில சப்டைட்டில் இருந்தால்தான் கதையே ஓடும். சந்தானம் கவுண்டர் அடிக்கும்போதெல்லாம் ஆயா முதலில் சிரிப்பார், பிள்ளைகள் கீழே ஓடும் எழுத்தைப் படித்துவிட்டு அப்புறம் சிரிப்பார்கள். மனோபாலா பிணமாக வர, அவரை வைத்துக்கொண்டு மற்றவர்கள் அடிக்கும் லூட்டியில் மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெடித்தார்கள். உடம்பைத் துணி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு அசைவு இல்லாமல் அந்த மனிதர் கிடக்கிறார். அதற்கு எந்த மொழியும் வேண்டாம். சின்னவன் அதைத் திரும்பப் போடச் சொல்லி அடம்பிடித்தான். ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே "போடு, போடு" என்றார்.

குறை இல்லையா? இருக்கிறது. கதாநாயகிகளைக் கேமரா பார்க்கும் விதம் 2013இலும் தப்பு, இன்றைக்கும் தப்பு. அந்த இடங்களில் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. சுந்தர்.சி படமென்றால் அப்படித்தான் என்று விட்டுவிட நான் தயாராக இல்லை.

ஆனால் சந்தானம்! 2014இல் 'வல்லவனுக்கு புல்லும் ஆயுதம்' படத்தில் கதாநாயகனாகி, போகப்போக அந்தப் பக்கமே போய்விட்டவர். நண்பனாக வந்து பக்கத்தில் நின்று கலாய்க்கிற சந்தானம் நமக்கு எவ்வளவு தேவை என்பதை இந்தப் படம்தான் நினைவுபடுத்தியது. இங்கே சாட்ஸ்வொர்த்திலேயே எடுத்த 'கீப்பிங் அப் வித் தி கந்தசாமிஸ்' என்ற நகைச்சுவைப் படம் 2017இல் வந்தபோது ஊரே கொண்டாடியதும் சிரிப்புக்காகத்தானே.

வடிவேலுவின் 'இம்சை அரசன் 24ஆம் புலிகேசி' இதைவிடப் பாவம். பாதியில் நின்றது, பஞ்சாயத்து 2021 வரை இழுத்தது. பிரச்சினை தீர்ந்தது, படம் வரவில்லை. முடிந்த படத்தையாவது பணம் போட்டவர்கள் முதலில் வெளியே விடட்டும், பாக்கியை வசூலில் பிடித்துக்கொள்ளட்டும். பூட்டி வைத்த படத்திலிருந்து யாருக்குப் பணம் வந்தது?