மஹசீர் எல்லாம் ஒன்றில்லை

மஹசீர் என்பது ஆற்றில் வாழும் பெரிய கெண்டை வகை மீன். அதில் கூன்முதுகு மஹசீர் என்ற இனம் காவிரியில் அருகிப்போனதற்கு அணைகளையும் வெடி வைத்து மீன் பிடிப்பதையும் காரணமாகச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான், ஆனால் நல்லெண்ணத்தில் விட்ட மீன்குஞ்சுகளும் ஒரு காரணம். கிருஷ்ணா படுகையின் நீலத்துடுப்பு மஹசீரைக் குஞ்சு பொரிக்க வைத்து, பல ஆண்டுகள் காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். மஹசீர் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு.

இது வெளிப்பட்ட விதம்தான் சுவாரசியம். கர்நாடகத்தில் காவிரிக் கரையில் இருக்கும் கலிபோர் மீன்பிடி முகாமில் தூண்டில் போட்டவர்கள், சிக்கிய மீனை எடை பார்த்துக் குறித்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை ஆய்வாளர்கள் இனவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் மீன் கூடியிருந்தது; கூடியது நீலத்துடுப்பு. கூன்முதுகு மட்டும் சரிந்திருந்தது. கூட்டுத்தொகையோடு நிறுத்தியிருந்தால் ஆறு செழிப்பாக இருக்கிறது என்று கோப்பை மூடியிருப்பார்கள்.

அப்புறம் இன்னொன்று. 50 கிலோவுக்கு மேல் வளரும் இந்த மீனுக்கு அறிவியல் பெயர் எது என்பதே 2018இல்தான் முடிவானது (Tor remadevii). பெயர் இல்லாததை எந்தப் பட்டியலில் சேர்த்துக் காப்பாற்றுவது?

போன வருடம் ஒகேனக்கல்லில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அக்காவிடம், "மஹசீர் வருமாக்கா?" என்று கேட்டேன். "ரோகு இருக்கு, ஜிலேபி இருக்கு. எது வேணும்?" என்றார்.